காலநிலை மாற்றத்துக்கு கவர்மண்ட் போடுற காசு முதல்ல சோலாருக்கா, வாய்க்காலுக்கா? மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் சொல்லுங்க

வெல்லாவெளிப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா கேக்கோணும் எண்டு நினைச்ச விசயம் இது. பட்ஜெட் காலம் வந்தா காலநிலை மாற்றம் எண்டு ஒரு பேச்சு வரும், 2030க்குள்ள கரண்ட்ல 70 வீதம் சூரியன், காத்து, தண்ணியில இருந்து எடுப்பம், 2050க்குள்ள காபன் நடுநிலை ஆகுவம், புதுசா நிலக்கரி நிலையம் கட்டமாட்டம் எண்டு நாடு உலகத்துக்கு முன்னால வாக்குக் குடுத்திருக்கு. அதை நான் பிழை எண்டு சொல்லல. ஆனா இலங்கை விடுற புகை உலகத்துட மொத்தத்துல 0.1 வீதம் கூட வராது, அடி விழுறதுல மட்டும் முன்வரிசை. 2017ல நடந்த அழிவுகளை வச்சுப் போட்ட உலக காலநிலை ஆபத்துச் சுட்டியில நாங்க ரெண்டாம் இடம்.

எங்கட அப்பா நவகிரிக் குளத்துத் தண்ணியில வெள்ளாமை செய்யிறவர். மாரி பிடிச்சா மண்டூர் - வெல்லாவெளி ரோட்டும் தண்ணிக்குள்ள, வட்டையும் (வயல்வெளியும்) தண்ணிக்குள்ள. சிறுபோகம் வரக்குள்ள பாத்தா வாய்க்கால் கடைசியில இருக்கிறவனுக்கு தண்ணி போய்ச் சேராது. ரெண்டும் ஒரே வருசத்துல நடக்குது. மழை முந்தி மாதிரி இல்ல எண்டுறது உண்மைதான், ஒரு கிழமை பெய்ய வேண்டியது ஒரு ராத்திரியில கொட்டுது, ஆனா அந்தத் தண்ணி வடிஞ்சு போறதுக்கு வழி இருந்தா பயிர் தப்பும், வழிதான் இல்ல, வாய்க்கால் தூர்ந்து கிடக்கு, வடிச்சல் (மேலதிகத் தண்ணி வடியிற வாய்க்கால்) எல்லாம் ஆத்துவாழை எண்ட மிதக்கிற களை மூடிக் கிடக்கு, கட்டு அங்கங்க கரைஞ்சு கிடக்கு.

கேள்வி இதுதான். 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது எண்டு கையை விரிச்ச நாடு இது, கையில இருக்கிறது கொஞ்சக் காசு. அதைப் புகை குறைக்கிறதுக்குப் போடுறதா, வாற வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்குறதுக்குப் போடுறதா? என்ட எண்ணம் என்னெண்டா, சோலார்ல போட்ட காசு கரண்ட் வித்துத் திரும்பி வரும், அதால தனியார் தானா வருவான். வாய்க்கால் துப்புரவாக்கினா எவனுக்கும் பில் போட ஏலாது, அப்ப அதைச் செய்ய கவர்மண்ட்டை விட்டா ஆள் இல்ல. பொதுக் காசு முதல்ல அங்கதானே போகோணும்? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க, பிழை இருந்தா அதையும் சொல்லுங்க.

மட்டுநகர் சோலார்:

தம்பி, நான் டவுன்ல சோலார் பூட்டுற வேலை செய்யிறன், அதால நான் சோலார் பக்கம் கதைப்பன் எண்டு நினைப்பீங்க, பரவாயில்ல, சொல்லுறதைக் கேளுங்க.

தனியார் தானா வரமாட்டான். 2016 செப்டம்பர்ல சூரிய பல சங்கிராமய எண்டு கூரைச் சோலார் திட்டம் தொடங்கக்குள்ள சனம் விக்கிற கரண்டுக்கு முதல் 7 வருசத்துக்கு யூனிட்டுக்கு 22 ரூபா, அதுக்குப் பிறகு 15 ரூபா 50 சதம் எண்டு 20 வருச ஒப்பந்தம் எழுதிக் குடுத்தாங்க. அந்த எழுத்தை நம்பித்தான் வங்கி லோன் குடுத்தது, சனம் கூரையில பூட்டினது. அப்ப சோலாரும் கவர்மண்ட் எடுத்த முடிவுதான், கையில காசா எடுத்துக் குடுக்காட்டியும் விலையில குடுத்தாங்க. மறுகா விலை ஏறி 37 ரூபா வந்து, 2024 ஜூலைல 27 ஆகி, 2025ல இன்னும் குறைஞ்சு போச்சு. பனல் விலை குறைஞ்சதால குறைக்கிறது நியாயம் எண்டு ஒரு பக்கம் சொல்லலாம், ஆனா வருசத்துக்கு வருசம் விலை மாறினா லோன் எடுக்க வாற ஒரு வாத்தியாரோ ஒரு கடைக்காரரோ என்னத்தை நம்பி எடுக்கிறது?

அடுத்தது, சோலாரை வெறும் புகைக் கணக்கா மட்டும் பாக்காதீங்க. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எண்ணெய் வாங்க டொலர் இல்ல. கூரையில வாற ஒவ்வொரு யூனிட்டும் வாங்காம விட்ட எண்ணெய், வாங்காம விட்ட நிலக்கரி. நுரைச்சோலையில 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் இருக்கு, அதுக்கு நிலக்கரி முழுக்க கப்பல்லதான் வரோணும். அந்த டொலர் மிஞ்சினாத்தான் உங்கட வாய்க்காலுக்கும் பெக்கோ வரும்.

ஆனா ஒரு விசயத்துல நான் உங்களோட நிக்கிறன். 2025 ஏப்ரல்ல புத்தாண்டு லீவுக்கு பகல்ல சோலாரை நிப்பாட்டி வையுங்க எண்டு மின்சார சபையே கேட்டது, ஏனெண்டா லீவுல கரண்ட் பாவிப்பு குறைவு, வெயில் கூட, லைன் தாங்காது. அதுக்கு ரெண்டு மாசம் முன்ன பெப்ரவரி 9ம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்துல ஒரு பிழை வந்து முழு நாடும் இருண்டது. இப்ப இல்லாதது பனல் இல்ல, பகல் கரண்டை ராவைக்கு வச்சுக் குடுக்கிற பெரிய பற்றரியும் நல்ல லைனும்தான். அதைத் தனி ஆள் ஒருத்தன் போடமாட்டான், அதுவும் உங்கட வாய்க்கால் மாதிரி பொதுவான சாமான். அதால கூரைக்கு மானியம் கேக்கிற ஆள் நான் இல்ல, லைனுக்கும் பற்றரிக்கும் பொதுக் காசு போடுங்க, விலையை நிலையா வையுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்குவம்.

கல்முனைக் கரை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு பேரும் எதுக்குக் காசு எண்டு கதைக்கிறீங்க, நான் எப்பிடிப்பட்ட காசு எண்டு செல்றன்.

ஒலுவில் துறைமுகத்தப் பாருங்க. டென்மார்க் லோன்ல கட்டி 2013ல திறந்தாங்க. எங்கட கிழக்குக் கரையில மண்ணு தெக்கால இருந்து வடக்கால நகருற, அதுக்குக் குறுக்கால அலைத்தடுப்புக் கட்டினா என்ன நடக்கும்? தெக்கால மண்ணு குமிஞ்சு துறைமுகத்துட வாய அடைச்சிப் போட்டுது, வடக்கால மண்ணு வராம கடல் கரையத் தின்னத் தொடங்கிட்டு. ஒலுவில்ல தென்னந்தோட்டம், தோணி இழுக்கிற இடம் எல்லாம் போய், நிந்தவூர் வரைக்கும் அரிப்பு வந்திட்டு. கல்லப் போட்டாங்க, கல்லுப் போட்ட இடம் நிண்டுச்சு, அதுக்கு அங்கால அரிச்சிச்சு. வாயில இரிக்கிற மண்ண தொடர்ந்து அள்ளி வடக்கால போட்டா ரெண்டு பிரச்சினையும் குறையும், ஆனா கட்டுறத்துக்கு லோன் தாறவன் வருசா வருசம் மண்ணு அள்ளுறத்துக்குத் தாறானா? அந்த லோனக் கட்டுறது இஞ்ச இரிக்கிற எல்லாரும்தான், கரை போன மீன்காரனும் சேர்த்துத்தான்.

இது காலநிலைத் திட்டம் இல்லதான், ஆனா காலநிலைக்கு எண்டு இப்ப வாற காசும் இதே மாதிரித்தான் வருது. பெரிசாக் கட்டுறத்துக்கு வரும், திறப்பு விழா நடக்கும், பொறவு பராமரிக்க ஆள் இல்ல. கடல்மட்டம் ஏற ஏற இந்த அரிப்பு இன்னும் கூடத்தான் போகுது.

மற்றது, கிட்டங்கியப் பத்தி ஆரும் செல்லல. கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் நடுவுல இரிக்கிற அந்தத் தாம்போதி மாரியானா தண்ணிக்குள்ள, ஆத்துவாழை அடைச்சித் தண்ணி போகாம ரெண்டு பக்கமும் ஏறும். பள்ளிக்கூடம் போற புள்ளயல், ஆசுபத்திரிக்குப் போற ஆக்கள் எல்லாரும் அந்தத் தண்ணியக் கடக்கத்தான் வேணும். 2024 நவம்பர் 26ம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி ரோட்டுல மதரசாப் புள்ளயல் ஏறி வந்த ட்ராக்டர வெள்ளம் அடிச்சிட்டுப் போனது. அந்தப் புள்ளயல்ட மையித்த ஒண்டொண்டாத் தேடி எடுத்தத நாங்க கண்ணால கண்டவங்க. அந்த ரோட்டுல மாரிக்குத் தண்ணி ஏறும் எண்டு ஊருக்கே தெரியும், ரோட்ட உசத்தி தண்ணி போக பெரிய மதகு வைக்கிற வேலைக்கு புதுத் தொழில்நுட்பம் ஒண்டும் வேணாம். இதுக்கு முதல் காசு போகாட்டி வேற எதுக்குப் போகோணும்?

பழைய நீர்ப்பாசனம்:

நான் நீர்ப்பாசன வேலையில இருந்து ஓய்வு பெற்ற ஆள். மூண்டு பேரும் நல்ல விசயங்கள் சொல்லியிருக்கிறீங்க, உள்ளுக்குள்ள எப்பிடி நடக்குது எண்டு நான் கொஞ்சம் சொல்லுறன்.

முதல்ல, வெல்லாவெளித் தம்பி கேட்ட கேள்விக்கு நாட்டுட வாக்குலயே ஒரு பதில் கிடக்கு. 2021ல ஐ.நாவுக்குக் குடுத்த கணக்குல ஒண்டும் செய்யாட்டி 2030க்குள்ள வரக்கூடிய புகையில 14.5 வீதத்தைக் குறைப்பம் எண்டு இருக்கு. அதுல 4 வீதம்தான் எங்கட சொந்தக் காசில செய்யிறது, மிச்சம் 10.5 வெளிநாட்டு உதவி வந்தாத்தான். அதாவது புகை குறைக்கிறதுட பெரிய பங்குக்கு வெளிக்காசைத் தேடுவம் எண்டு நாங்களே எழுதிக் குடுத்தாச்சு. அப்ப சொந்தக் காசை வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் போடு எண்டு கேக்கிறதுல அந்த வாக்கு உடையாது.

ரெண்டாவது, வெளிக்காசு எங்க போகுது எண்டு பாருங்க. பணக்கார நாடுகள் வருசத்துக்கு 10,000 கோடி டொலர் தருவம் எண்டு 2009ல கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுல சொன்னது, 2020க்குள்ள எண்டு சொல்லி 2022லதான் அந்தக் கணக்கு வந்து சேர்ந்தது. அதுலயும் வெள்ளம், வறட்சி, கடல் இதுகளைத் தாங்குற வேலைகளுக்குப் போனது மூண்டில ஒரு பங்குக்கும் குறைவு. பொதுக்காசா வந்ததுல பெரும்பகுதி கடன். கடன் குடுக்கிறவன் திரும்பி வாற இடத்தைத்தான் பாப்பான், கரண்ட் வித்தா வரும், வடிச்சல் வாய்க்காலுக்கு வராது. 2024ல பாக்கூ காலநிலை மாநாட்டுல 2035க்குள்ள வருசத்துக்கு 30,000 கோடி டொலர் எண்டு புதுக்கணக்குப் போட்டிருக்காங்க, அதுல எவ்வளவு நன்கொடை, எவ்வளவு கடன் எண்டுறதைத்தான் நாங்க கேக்கோணும்.

குளத்துக்கு நன்கொடை வராது எண்டும் இல்ல. பசுமைக் காலநிலை நிதியம் 2016ல இலங்கைக்கு 3 கோடி 80 லட்சம் டொலர் அளவுல ஒத்துக்கொண்டது, மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா மூண்டு ஆத்துப் படுகையிலயும் கிராமக் குளங்களைத் திருத்துறதுக்கு. பெரிய அணை இல்ல, ஒண்டுக்குக் கீழ ஒண்டா இருக்கிற சின்னக் குளங்கள். நல்ல வேலை. அதே மாதிரித்தான் எங்கட பக்கத்து ஆத்துப் படுகைகளும், நவகிரி, உன்னிச்சை, றூகம் குளங்கள் எல்லாம். அந்த வரிசையில எங்கட பக்கத்துக்கும் ஒரு இடம் கேக்கிறது நியாயமான கேள்வி, கேக்கிறதுக்கு ஆள்தான் வேணும்.

மூண்டாவது பொறுப்பு. 200 ஏக்கருக்குக் குறைஞ்ச வயலுக்குத் தண்ணி குடுக்கிற சின்னக் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, ஒரு மாகாணத்துக்குள்ள அடங்குற மற்றக் குளங்கள் மாகாணங்களுக்கு அதிகாரம் குடுத்த அரசியலமைப்பு 13வது திருத்தத்துக்குப் பிறகு மாகாண நீர்ப்பாசனத்துக்கு, பெருங்குளங்கள் மத்திய நீர்ப்பாசனத்துக்கு. வெள்ளம் வரக்குள்ள இந்த மூண்டும் ஒரே தண்ணிதான். மேல குளத்துல வான்கதவு எவ்வளவு திறக்கிறது எண்டு ஒரு இடத்துல முடிவு, கீழ வடிச்சல் யார்ட எண்டு கேட்டா இன்னொரு இடம். பெருங்குளத்துல வான் பாயத் தொடங்கினாப் பிறகு கூட்டம் வச்சு ஒரு பிரயோசனமும் இல்ல.

பராமரிப்புக்கு வாற காசைப் பத்தி கல்முனைத் தம்பி சொன்னதுதான் என்ட அனுபவமும். புதுசாக் கட்டுறதுக்கு மூலதனச் செலவு எண்டு ஒதுக்கு வரும், துருசுக்கு (குளத்து மதகுக்கு) கிறீஸ் பூசுறதுக்கும், கட்டில முளைச்ச மரத்தை வெட்டுறதுக்கும் ஒதுக்குறது ஒரு மூலையில கிடக்கும், நெருக்கடி வந்தா முதல்ல வெட்டுறதும் அதுதான். 2025 நவம்பர்ல டித்வா புயலோட திருகோணமலைப் பக்கம் மாவிலாறு அணைக்கட்டு உடைஞ்சதை எல்லாரும் பாத்தம். அப்பிடி ஒரு மழை வந்தா கட்டெல்லாம் நிக்கும் எண்டு நான் சொல்லல, ஆனா வருசா வருசம் பாத்துப் பாத்து வச்ச கட்டுக்கு ஒரு வாய்ப்பு இருக்கும்.

பங்களாதேஷைப் பாருங்க. 1970 புயல்ல 3 லட்சத்துக்கு மேல செத்த நாடு. 1972ல இருந்து தொண்டர்களை வச்சு எச்சரிக்கை குடுக்கிற திட்டம், பிறகு புயல் தங்குமிடங்கள், மண் அணைகள் எண்டு வருசக்கணக்காப் போட்டாங்க. 2007 சித்ர் புயல்ல செத்தவங்க ஆயிரக்கணக்கு, 2020 அம்பன் புயல்ல அது இருபது முப்பதா இறங்கிட்டு. உலகம் தரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்காம 2010 அளவுல தங்கட பட்ஜெட்டில இருந்தே காலநிலை நம்பிக்கை நிதியம் ஒண்டு வச்சாங்க. எங்களையும் 1978 நவம்பர் 23ல சூறாவளி அடிச்சது, மட்டக்களப்பு தரைமட்டம். அதைக் கண்ட ஆக்களுக்குத் தெரியும் என்ன கேக்கோணும் எண்டு.

பாலமீன்மடு அக்கா:

நான் கரையோரத்துல பெண்கள் சங்கத்தோட வேலை செய்யிறன். கண்டல் (அலையாத்தி மரம்) நடுற திட்டங்களைப் பத்தி ஆரும் சொல்லல, அதால எழுதுறன், ஏனெண்டா காலநிலைக் காசு எங்கட பக்கம் ஈஸியா வாறது அதுக்குத்தான்.

சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்க கண்டல் நட்டாங்க. றுகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறகு போய் 23 இடத்தைப் பாத்து 2017ல எழுதினாங்க, 9 இடத்துல ஒரு கண்டு கூட மிஞ்சல. காரணம் பெரிய ரகசியம் ஒண்டும் இல்ல, தண்ணி எவ்வளவு ஏறும் இறங்கும் எண்டு பாக்காம, கண்டல் வளராத இடத்துல, ஒரே சாதிக் கண்டை வரிசையா நட்டுப் போட்டுப் போனாங்க, பிறகு மாடு திண்டது, பாக்க ஆள் இல்ல. எங்கட வாவி 50 கிலோமீற்றருக்கு மேல நீளம், அதுக்குள்ள எந்த ஓரத்துல எந்த மரம் பிடிக்கும் எண்டு வலை வீசுற ஆக்களுக்குத் தெரியும். அவங்களைக் கேக்காம நட்டா காசு தண்ணிக்குள்ளதான். இருக்கிற கண்டலை வெட்டாம, நிரப்பாமப் பாத்துக்கொண்டா நடுறதை விட மலிவு. அதுக்கு ஒரு காவல் செலவும், நிரப்புறவனுக்கு எதிரா எழும்பி நிக்கிற ஒரு அதிகாரியும் போதும்.

இன்னொண்டு, காசே கூட வேண்டாத வேலையும் இருக்கு. மாரியில வாவி கடலோட சேருற முகத்துவாரத்தை எப்ப வெட்டுறது எண்டு வருசா வருசம் இழுபறி. வெள்ளாமைக்காரருக்கு வெள்ளம் வடியோணும், வேளைக்கு வெட்டு எண்டு நிப்பாங்க, மீன்காரருக்கு வேளையோட வெட்டினா வாவித் தண்ணி இறங்கி மீனும் இறாலும் கடலுக்குப் போகும் எண்ட பயம். ரெண்டு பக்கமும் நியாயம். தண்ணி மட்டம் இவ்வளவு வந்தா வெட்டுறது எண்டு முன்கூட்டியே ரெண்டு பக்கமும் இருந்து பேசி எழுதி வச்சா, வாவிக்கு மேற்குப் பக்கம் படுவான்கரையில எத்தினை வட்டை தப்பும் எண்டு யோசிச்சுப் பாருங்க. மழை அளக்கிற, மட்டம் பாக்கிற கருவியும் ஒரு கூட்டமும்தான் செலவு.

வெல்லாவெளிப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமா வரும் எண்டு எதிர்பாக்கல. சோலார் அண்ணன் லைனும் பற்றரியும் வாய்க்கால் மாதிரிப் பொதுச்சாமான் எண்டு சொன்னது எனக்குச் சரியாப் படுது. லாபம் வாறதை விலை உறுதி குடுத்து தனியாரிட்ட விடுறது, லாபம் வராததுக்கும் எல்லாருக்கும் பொதுவானதுக்கும் கவர்மண்ட் காசு போடுறது, இதுதான் நான் இப்ப சொல்ல வாறது. வெள்ளம் வந்து அழிஞ்ச பிறகு குடுக்கிற நட்டஈடும் பொதுக்காசுதான், 2024 வெள்ளத்துக்கு ஹெக்டயருக்கு ஒரு லட்சம், அதாவது ஏக்கருக்கு 40,000 வரை எண்டு அறிவிச்சாங்க. உழவு, விதை, பசளை, எண்ணெய், கூலி எல்லாம் கூட்டிப் பாத்தா அது செலவுல ஒரு துண்டுதான். அந்தக் காசை அழிவுக்குப் பிறகு குடுக்கிறதை விட அதுல ஒரு பங்கை முதல்லயே வடிச்சலுக்குப் போட்டா பயிர் மிஞ்சும், கவர்மண்ட்டுக்கும் செலவு குறையும்.

பச்சை எண்டு பேர் வச்சு எடுக்கிற முடிவு எல்லாம் நல்ல முடிவு இல்ல எண்டதுக்கு 2021 போதும். ஒரே அடியா இரசாயனப் பசளையை நிப்பாட்டினாங்க, ஏழு மாசத்துல திருப்பி எடுத்தாங்க, அதுக்குள்ள வெள்ளாமை போச்சு. சீனாவில இருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலை இறக்காமலே 60 லட்சம் டொலருக்கு மேல கட்டினாங்க. அந்தக் காசுக்கு எங்கட மாவட்டத்துல எத்தினை வாய்க்கால்! கமக்காரரைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தா நடந்திருக்காது.

பழைய நீர்ப்பாசன ஐயா, ஒண்டு கேக்கிறன். போன வருசம் வடிச்சலைப் பத்தி ஒரு ஒபிஸுக்கு கடிதம் குடுத்தம், அது எங்கட இல்ல எண்டு அடுத்த இடத்துக்கு அனுப்பினாங்க, அங்க போனா திரும்ப முதல் இடம். இதை எப்பிடிப் பிடிக்கிறது?

பழைய நீர்ப்பாசனம்:

கடிதம் தனியாப் போனா அப்பிடித்தான் சுத்தும் மகன். பெரும்போக ஆரம்பக் கூட்டத்துல வச்சுக் கேளுங்க, அங்க மூண்டு பக்கத்து உத்தியோகத்தரும் ஒரே மேசையில இருப்பாங்க, சொன்னது கூட்டக் குறிப்பில ஏறும். போகக்குள்ள வெறுங்கையோட போகாதீங்க. வட்டவிதானையையும் (வயல் தண்ணி பாக்கிற பொறுப்பாளரையும்) கூட்டிக்கொண்டு வடிச்சல் முழுக்க நடந்து போய், எந்த இடத்துல அடைச்சிருக்கு, எவ்வளவு நீளம், அதுக்குக் கீழ எத்தினை ஏக்கர் எண்டு எழுதி, தண்ணி நிக்கக்குள்ள எடுத்த போட்டோவும் வைய்யுங்க. விவசாய அமைப்பு கையெழுத்துப் போட்டு அதே கடதாசியை பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கும், அங்க சரிவராட்டி மாவட்டக் குழுவுக்கும் குடுங்க. மதிப்பீடு செய்து ரெடியா இருக்கிற வேலைக்குத்தான் வருசக் கடைசியில மிஞ்சிற காசு வரும், மதிப்பீடு இல்லாத வேலைக்கு காசு வந்தாலும் திரும்பிப் போயிடும். இது நான் கனக்கக் கண்டது.

மட்டுநகர் சோலார்:

நல்ல விசயம். மட்டம் பாக்கிற கருவி எண்டு அக்கா சொன்னதுக்கு ஒரு சின்னச் சோலார் பனலும் பற்றரியும் போதும், சிம் போட்டா போனுக்கே தண்ணி மட்டம் வரும். சங்கம் கேட்டா பூட்டுற கூலி இல்லாம நான் வாறன், சாமான் காசை மட்டும் பாருங்க.

கல்முனைக் கரை:

மாஷா அல்லாஹ். வெல்லாவெளித் தம்பி, நீங்க அந்தப் பட்டியல எழுதக்குள்ள எந்த மாதிரி எழுதினீங்க எண்டு இஞ்ச ஒரு போட்டோ போடுங்க. நாவிதன்வெளிப் பக்கத்து விவசாய அமைப்பு ஆக்களோட நான் கதைச்சிட்டன், கிட்டங்கி ஆத்துவாழைக்கும் அதே மாதிரி ஒண்டு எழுதி, மாரி தொடங்க முதல் ரெண்டு மாவட்டத்துலயும் ஒரே நேரத்துல குடுப்பம்.